பனிக்கட்டி மேல் அரை மணி நேரம்

“சிலிக்கேட் இல்லாமல் வளர்த்த குடுவையின் வடிதாள், கரைப்பான் ஊற்றுவதற்குள் அரை மணி நேரம் பனிக்கட்டி மேலேயே இருந்துவிட்டது மேடம், பதிவேட்டில் எழுதட்டுமா?” என்று ஆய்வு மாணவர் கேட்டார். “பனியில்தானே இருந்தது, தேவையில்லை” என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னேன்.

எனக்குத் தெரியாத வேதியியல் அல்ல அது. வடிதாளில் சேகரித்திருந்தது தெலாசியோசைரா என்ற டயட்டம், சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் ஒற்றைச்செல் நுண்பாசி. உயிருள்ள செல்லில், 20 கார்பன்களும் 5 இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட ஐகோசாபென்டாயினாயிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் பெரும்பாலும் சவ்வு லிப்பிடுகளில் கட்டுண்டே கிடக்கிறது. செல் உடைந்ததும் லைப்பேஸ் என்ற நொதி அதை விடுவிக்க, லைப்பாக்சிஜனேஸ் ஆக்சிஜனைச் சேர்த்து ஹைட்ரோபெராக்சைடாக மாற்ற, இன்னொரு நொதி அதைப் பிளந்து 10 கார்பன் கொண்ட டெக்காட்ரையீனல் என்ற ஆல்டிஹைடைத் தருகிறது. இத்தனையும் சில நிமிடங்களுக்குள். டயட்டத்தைத் தின்னும், இறாலுக்கு உறவான சிற்றுயிர்களான கோப்பிபாடுகளின் முட்டைகள் பொரியாமல் போவதற்கு இத்தகைய ஆல்டிஹைடுகளே காரணம் என்று 1999-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, இத்துறைக்கு வந்த எவரும் முதலில் படிப்பது. பனிக்கட்டி இந்த நொதிகளை மந்தப்படுத்துமே தவிர நிறுத்தாது.

அந்தக் குப்பியைத் திறந்தபோது மீனெண்ணெய் நெடி லேசாக அடித்தது. சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடமான குரோமட்டோகிராமில் கட்டற்ற கொழுப்பமிலத்தின் முகடு உயர்ந்து நின்றது. சிலிக்கேட் பற்றாக்குறையின் விளைவு என்று அறிக்கையில் எழுதினேன். எதிர்பார்த்த திசையில் வந்த முடிவை யாரும் துருவிப் பார்ப்பதில்லை; நானும் பார்க்கவில்லை. பட்டினி கிடந்த செல்கள் எளிதில் உடையக்கூடியவை, வடிகட்டும் அழுத்தத்திலேயே உடைந்திருக்கும், ஆகவே அரை மணி நேரத்தை மட்டும் குறைசொல்ல முடியாது என்று இன்றும் வாதிட என்னால் முடியும். ஆனால் அந்த வாதமே என் முடிவையும் கவிழ்க்கிறது: வடிதாளில் உடைந்த செல் விடுவித்த அமிலத்தை, கடல்நீரில் வாழ்ந்த செல்லின் இருப்பாக எப்படிக் காட்டுவது?

பிறகு அதே வளர்ப்பு முறையில், வடிதாளைத் தாமதமின்றிக் கொதிக்கும் ஐசோபுரொப்பனாலில் போட்டு நொதிகளைச் செயலிழக்கச் செய்து பார்த்தோம். முகடு வெகுவாகத் தணிந்தது, ஆனால் முற்றிலும் மறையவில்லை. மிச்சமிருப்பது சிலிக்கேட்டின் விளைவா, வடிகட்டிய ஓரிரு நிமிடத்தின் விளைவா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. நான் சொன்னது பாதி சரிதான் என்று ஒரு நாளும், அந்தப் பாதியும் தற்செயல் என்று மறுநாளும் தோன்றுகிறது.

பதிவேட்டின் பழைய பக்கத்தில், இன்றைய தேதியிட்டு, அந்த அரை மணி நேரத்தை எழுதலாமா என்று மாணவர் போன வாரம் மறுபடியும் கேட்டார். இன்னும் நான் பதில் சொல்லவில்லை.