எத்தனை சதவீதம் துளை?

"துளை எத்தனை சதவீதம் மேடம்?" நானோ துளைகள் போட்ட சிலிக்கான் மென்படலம் வெப்பத்தை எவ்வளவு கடத்தும் என்று பேச ஆரம்பித்தாலே எம்.எஸ்சி. பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கருத்தரங்குக்குப் போனாலும் இதேதான். எனக்கு இந்தக் கேள்வி பிடிக்காது.

ஒரு படலத்தில் சதுர வரிசையில் வட்டத் துளைகள், விட்டம் 500 நானோமீட்டர், மையத்துக்கு மையம் 1000. இன்னொன்றில் விட்டம் 20, மையத்துக்கு மையம் 40. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டிலும் பரப்பில் துளை 19.6 சதவீதம். துளையின் பங்கை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் பழைய மாக்ஸ்வெல் சூத்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்: துளையில்லாத படலம் கடத்தும் வெப்பத்தில் 67 சதவீதம் கடத்தும் என்று சொல்லிவிடும். நிஜத்தில் முதல் படலம் அதைவிடக் கொஞ்சம் கீழே இறங்கும். இரண்டாவது பாதாளத்துக்கே போய்விடும்.

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் மாடி அறையைக் கட்டியவர் சித்தப்பா. கொத்தனார். சித்திரை வெயில் உள்ளே இறங்கக் கூடாது என்று ஹாலோ பிளாக் வைத்துக் கட்டினார். அந்த அறையில்தான் என் கம்ப்யூட்டர் ஓடுகிறது. திரையில் இருந்த துளைப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது நம்ம ஹாலோ பிளாக் கணக்குத்தானே? உள்ள காத்து நிக்குது, சூடு வராது" என்றார்.

"பாதிதான் சரி சித்தப்பா" என்றேன். ஹாலோ பிளாக்கில் பொந்து இருக்கும் இடத்தில் சூடு தடைபடும், சுற்றியிருக்கும் கான்கிரீட் எப்போதும்போல் கடத்தும். மாக்ஸ்வெல் சூத்திரம் பேசுவது இந்த வகையைத்தான். நானோ படலத்தில் மிச்சமிருக்கும் சிலிக்கானே பழைய சிலிக்கானாக நடந்துகொள்வதில்லை.

சிலிக்கானில் வெப்பத்தைப் பெரும்பாலும் சுமப்பவை ஃபோனான்கள், அதாவது படிக அணுக்களின் அதிர்வுகள். ஒரு ஃபோனான் எங்கும் மோதாமல் போகும் சராசரி மோதலிடைத் தூரம் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. சில பத்து நானோமீட்டரிலேயே திசை மாறிவிடுபவை உண்டு, ஒரு மைக்ரானுக்கும் மேல் போகிறவையும் உண்டு. அறை வெப்பநிலையில் கனமான சிலிக்கான் கட்டியில் வெப்பத்தின் பெரும்பங்கைத் தூக்கிச் செல்பவை நூறு நானோமீட்டருக்கும் மேல் போகும் நெடுந்தூரக்காரர்கள்தான். துளைக்கும் துளைக்கும் நடுவே 20 நானோமீட்டர்தான் இடம் என்றால் அவை என்ன செய்யும்? சுவரில் முட்டி, கண்ட பக்கம் சிதறி, வந்த வழியே திரும்பும். ஆக, கேட்க வேண்டியது சதவீதம் அல்ல, விளிம்புக்கு விளிம்பு எவ்வளவு இடைவெளி என்பதுதான்.

எவ்வளவு இறங்கும் என்பதற்கு 2010-இல் வந்த இரண்டு அளவீடுகளைச் சொல்லலாம். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஹீத் குழு 22 நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் 34 நானோமீட்டருக்கு ஒரு துளை போட்டது. அங்கேயே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பெய்டாங் யாங் குழு எடுத்தது அதைவிடத் தடித்த படலம், 55 நானோமீட்டருக்கு ஒரு துளை. முழுச் சிலிக்கானின் வெப்பக் கடத்துத்திறன் 148 வாட்/மீட்டர்-கெல்வின். இவர்களுக்குக் கிடைத்தது 2-க்கும் கொஞ்சம் கீழே! கண்ணாடிக்கு ஒன்றுக்குச் சற்று மேல். படிகத்தைக் கிட்டத்தட்டக் கண்ணாடியாக்கிவிட்டார்கள். அப்புறம் இது அலைக் குறுக்கீட்டு விளைவா, அதாவது ஃபோனான் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தங்களையே தடுத்துக்கொள்வதா என்று பெரிய சண்டை நடந்தது. நூறு நானோமீட்டரும் அதற்கு மேலும் இடைவெளி விட்ட துளைகளுக்கு, அறை வெப்பநிலையில், சுவரில் முட்டிச் சிதறுவதே போதும் என்ற கட்சி நான்.

இதனால் என்ன லாபம் என்றால், மின்சாரம் ஓடுவதற்காக வேண்டுமென்றே நன்றாக மாசு (வேறு தனிம அணுக்கள்) கலந்த சிலிக்கானில் எலக்ட்ரானின் மோதலிடைத் தூரம் சில நானோமீட்டர்தான். அதே சந்தில் அது அவ்வளவாகச் சிரமப்படாமல் போய்விடும். மின்சாரம் ஓட வேண்டும், வெப்பம் ஓடக் கூடாது என்று கேட்கும், வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் வெப்பமின் கருவிகளுக்கு இது வரம். வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டிய சிப்பில் இதுவே தலைவலி.

சித்தப்பா விடவில்லை. "அப்ப ஏன் நேர் நேரா வச்சிருக்க? நடுவுல சந்து தெரியுதே. செங்கல் ஜாயின்ட் மாதிரி மாத்தி மாத்தி வை" என்றார். ஆளைப் பாருங்கள்! வரிசை நேராக இருந்தால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தடையில்லாத பாதை ஒன்று கிடைத்துவிடும், சில ஃபோனான்கள் அதில் தப்பிவிடும். மாற்றி வைத்தால் கடத்துத்திறன் இன்னும் குறைகிறது என்பது தெரிந்த விஷயம்தான். ஃபோனான்களைத் தற்செயல் எண்களை வைத்து ஓடவிட்டுப் பார்க்கும் என் மாண்டி கார்லோ நிரலிலும், துளை எண்ணிக்கையை மாற்றாமல் ஒன்றுவிட்ட வரிசையை மட்டும் அரை இடம் நகர்த்தினேன், குறைந்தது.

நிரலில் வராத ஒரு சங்கதி துளையின் விளிம்பு. பிளாஸ்மாவால் (மின்னேற்றம் பெற்ற வாயுவால்) அரித்த துளையின் உள்சுவர் வழவழவென்று இருக்காது. சில நானோமீட்டர் ஆழத்துக்குப் படிக ஒழுங்கு கெட்டுப்போய், மேலே ஆக்சைடும் படர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் மும்மூன்று நானோமீட்டர் போனால் 20 நானோமீட்டர் சந்தில் நல்ல சிலிக்கான் 14-தான். மைக்ராஸ்கோப் படத்தில் விட்டத்தை அளந்து அப்படியே கணக்கில் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. விளிம்புக்குத் தனி அடுக்கு கொடுத்து இப்போது மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். கரண்ட் போகாமல் இருந்தால் அந்த வரைபடத்தை அடுத்த பதிவில் போடுகிறேன்.