போயா உண்டு, சிவராத்திரி இல்லை

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். கணக்கு மென்பொருள் பற்றி இரண்டு கேள்வி, முந்தைய வேலை பற்றி ஒன்று. பிறகு நடுவில் இருந்தவர் பேனையை மூடிக்கொண்டே, "கலியாணம் முடிச்சு எவ்வளவு காலம், பிள்ளை?" என்றார். மூன்று வருடம் என்றேன். "பிள்ளையள்?" இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு என் விண்ணப்பத்தின் ஓரத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று இன்றுவரை தெரியாது. வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் அந்த ஓரத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அது 2022 மார்கழி. நான் அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தின் வாழ்வாதாரத் திட்டத்தில் கணக்குப் பகுதியில் இருந்தேன். வீடு தருமபுரம், வேலை புதுக்குடியிருப்புப் பக்கம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் விசுவமடு தாண்டி, ஸ்கூட்டியில் தினமும் போய் வருவேன். திட்டம் 2023 பங்குனியோடு முடிகிறது என்று கடிதம் வந்திருந்தது. வன்னியில் இது பெரிய செய்தி இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு தலைமுறையே கலியாணம், வீட்டுக் கடன், பிள்ளை எல்லாவற்றையும் 'புரொஜெக்ட் முடியுற' மாதத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறது.

பணிக்கொடை கிடைக்க 5 வருடம் பூர்த்தியாக வேண்டும். பங்குனியில் எனக்கு 4 வருடமும் 9 மாதமும். அதாவது இருந்து முடித்தாலும் ஒன்றும் இல்லை, முந்தி வெளிக்கிட்டாலும் ஒன்றும் இல்லை. அதனால்தான் கிளிநொச்சி நகரத்தில் விவசாயப் பொருட்களும் உழவு இயந்திர உதிரிப்பாகமும் விற்கும் ஒரு கம்பனிக் கிளையில் கணக்கு உதவியாளர் வேலை என்றதும் விண்ணப்பம் போட்டு அந்த நேர்முகத்துக்குப் போனேன். கிடைத்தது. 2023 மாசி (பெப்ரவரி) முதலாம் திகதி வரச் சொன்னார்கள். ஆறு மாதம் தகுதிகாண் காலம்.

இதில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. 2021 இல் ஒரு பிள்ளை எட்டாவது கிழமையில் தங்காமல் போனது. ஸ்கூட்டி ஓடினதால் என்று டொக்டர் சொல்லவில்லை, இப்படி நடப்பதுதான் என்றார். மாமியும் சொல்லவில்லை. நான்தான் அந்த வீதியின் ஒவ்வொரு குழியையும் ஒரு வருடம் எண்ணிக்கொண்டு திரிந்தேன். புது வேலை வீட்டில் இருந்து ஒரே பஸ் தூரம் என்பதும் நான் அதைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம்.

சரி, புது வேலை, கூடவே பிள்ளைக்கும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் சம்பளத்தோடு லீவு கிடைக்குமா? கேட்க ஆள் பஞ்சமில்லை. 

மாமி முதலே தீர்ப்புச் சொல்லிவிட்டா: "அரசாங்க வேலை கிடைக்கட்டும், பிறகு பெறலாம்." மாமி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அரசாங்க உத்தியோகத்தருக்கு 84 வேலைநாள் முழுச் சம்பளம், அது முடிய இன்னொரு 84 நாள் அரைச் சம்பளம், அதற்கும் மேலே 84 நாள் சம்பளம் இல்லாமல். ஐந்து மாதம் ஆனதும் அரை மணி பிந்தி வரலாம், அரை மணி முந்திப் போகலாம். ஆனால் பட்டதாரி நியமனத்தைப் பார்த்திருந்து முடி நரைத்தவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அப்போது வயது 31.

கார்மென்ட்ஸில் வேலை செய்யும் மச்சாள் வேறு விதமாகச் சொன்னா. "அதே இடத்தில ஒரு வருசத்துக்குள்ள 150 நாள் வேலை செய்திருக்க வேணும் மச்சாள், இல்லாட்டி காசு இல்லை. எங்கட இடத்தில சூப்பர்வைசர் அப்பிடித்தான் சொன்னவ." கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருக்கும் என் சிநேகிதிக்கு நாள் கணக்கே இல்லை. "ஒப்பந்தம் எப்ப முடியுதெண்டு பார். லீவில இருக்கேக்க ஒப்பந்தம் முடிஞ்சா லீவும் முடிஞ்சுது," என்றாள். அவள் வயிற்றில் பிள்ளை என்று சொன்ன அடுத்த நாளே வெடி எடுக்கும் இடத்திலிருந்து அவளைக் கந்தோருக்கு மாற்றினார்கள். அது நல்லதுதான். ஆனால் களத்தில் நிற்கும்போது கிடைத்த மேலதிகக் கொடுப்பனவு அந்த நாளோடு நின்றது.

நான் மச்சாளின் 150 ஐப் பிடித்துக்கொண்டேன். எண் என்றால் எனக்கு நம்பிக்கை, தொழில் அப்படி. மாசியில் தொடங்கி ஞாயிறுகளைக் கழித்து எண்ணினால் 150 ஆவது நாள் ஆடி முடிவில் வந்தது. அதற்குப் பிறகுதான் பிள்ளைக்குப் பார்ப்பது என்று இவரிடம் சொன்னேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை, "உமக்குச் சரியெண்டால் சரி" என்றார். இவருடைய 'சரி' எப்போதும் சரியில்லை என்பதற்குத்தான்.

அந்தக் கணக்கில் இருந்த முட்டாள்தனம் எனக்குப் பட இரண்டரை மாதம் எடுத்தது. கணக்குப் பார்ப்பவள் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வவுனியாவில் தொழில் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் அப்பாவுக்குப் பழக்கம். சித்திரை வருடப் பிறப்புக்கு வந்தவரிடம் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "தங்கச்சி, நீர் வேலை செய்யிறது கடையோ தொழிற்சாலையோ?" என்றார்.

அதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நாட்டில் தனியார் துறைக்கு இரண்டு சட்டம். தொழிற்சாலை, தோட்டம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். மச்சாள் சொன்ன 150 நாள் அதில்தான் இருக்கிறது. கடையிலும் கந்தோரிலும் வேலை செய்பவர்களுக்கு 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம். அதில் இத்தனை நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. பிறப்புக்கு முன் 14, பின் 70, மொத்தம் 84 நாள் சம்பளத்தோடு. முன்பு மூன்றாவது பிள்ளைக்கு 42 நாளாகக் குறைந்துவிடும், 2018 இல் இரண்டு சட்டத்தையும் திருத்தி எல்லாப் பிள்ளைக்கும் 84 என்று ஆக்கிவிட்டார்கள். கர்ப்பம் என்ற காரணத்துக்காக வேலையால் நிற்பாட்டவும் முடியாது.

"இன்னொண்டு," என்றார் அவர், "நீர் கார்மென்ட்ஸிலயே சேர்ந்திருந்தாலும், சேர்ந்த அண்டைக்கே வயிற்றில பிள்ளை நிண்டாலும், பிள்ளை பிறக்க ஒன்பது மாதம் செல்லும்தானே. அதுக்குள்ள 150 நாள் வேலை செய்து முடிஞ்சிடும்." 

நான் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றேன். இவர் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், மரியாதைக்குச் சிரிக்கவில்லை.

வீணாகப் போன மாதங்களை நினைத்து அழுகை வந்தது. அடுத்த கிழமை மிட்வைஃப் அக்கா வீட்டுக்கு வந்தபோது சொன்னேன். அவவின் பதிவேட்டில் எங்கள் இரண்டு பேருடைய பெயரும் கலியாணம் முடித்த நாளில் இருந்து இருக்கிறது. மாசியில் இருந்து போலிக் அசிட் போடச் சொன்னதும் அவதான். "எங்க வீணாப் போச்சு? மூண்டு மாசம் குளுசை போட்டிருக்கிறியள், அது எப்பிடியும் போட வேண்டியது. இனிப் பார்க்கலாம்," என்றா.

ஆனியில் இரண்டு கோடு தெரிந்தது.

இனி நான் பயந்தது 84 நாளுக்கு இல்லை. தகுதிகாண் காலம் ஆடி 31 இல் முடிகிறது. சொல்லாமல் ஆறு கிழமை தள்ளினால் நிரந்தரக் கடிதம் கையில். சத்தி வருவதை மறைக்க பையில் தேசிக்காய் வைத்திருந்தேன். ஆனால் என் வேலையில் ஒன்று, சனிக்கிழமைகளில் களஞ்சியத்தில் இருப்பு எண்ண வேண்டும். களஞ்சியத்தின் பின் பாதி முழுக்கப் பூச்சிநாசினி, களைநாசினி. கதவைத் திறந்தால் தொண்டைக்குள் இறங்கும் ஒரு மணம், வெக்கை நாளில் இன்னும் கூட. சில போத்தல்களின் மூடியடியில் கசிந்து காய்ந்த வெள்ளைப் படிவு இருக்கும், லேபிளில் மண்டையோடு. முன்பு அதைத் துணியால் துடைத்துவிட்டு எண்ணுவேன். அன்று கையை நீட்டவே முடியவில்லை. வாசலில் நின்று, உள்ளே நிற்கும் தம்பியிடம் வாயால் எண்ணச் சொல்லி எழுதினேன். இரண்டு சனிக்கிழமை அப்படி ஓட்டினேன். மூன்றாவது சனிக்கிழமை அந்தத் தம்பி லீவு.

முகாமையாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதைகளில் முகாமையாளர் எப்போதும் வில்லன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எத்தினை மாதம்?" என்றார். பிறகு, "களஞ்சியத்துக்குப் போக வேண்டாம்" என்றார். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்த இரண்டாவது மௌனத்தில் அவர் என்ன எண்ணினார் என்று எனக்குத் தெரியும், கணக்கு நான்தான் எழுதுகிறேன். கிளையில் ஏழு பேர். எனக்குச் சம்பளமும் கொடுத்து, எனக்குப் பதிலாக ஒருவருக்கும் கொடுக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் கட்டுகிறார், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், ஆனால் பிரசவச் சம்பளத்துக்கென்று எல்லோரும் சேர்ந்து கட்டும் நிதி எங்கள் நாட்டில் இல்லை. முழுப் பாரமும் அந்தப் பெண்ணை வேலைக்கு வைத்திருப்பவரின் தலையில். நேர்முகத்தில் அந்த ஓரத்தில் எழுதிய பேனைக்கும் காரணம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். நியாயப்படுத்தவில்லை. எழுதினது பிழைதான்.

ஆடி முடிவில் கடிதம் வந்தது. நிரந்தரமாக்கும் கடிதம் இல்லை. 'தங்களின் செயற்திறனை மேலும் அவதானிக்க வேண்டியுள்ளதால்' தகுதிகாண் காலம் 3 மாதம் நீடிப்பு. அதற்கு முதல் மாதம்தான் ஐந்து வருடப் பழைய கடன் பாக்கியைத் தேடிப் பிடித்துக் கொடுத்ததற்காக அதே தலைமைக் கந்தோர் மின்னஞ்சலில் பாராட்டியிருந்தது. இரண்டையும் ஒரே கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். சண்டை பிடிக்கவில்லை. கார்த்திகையில் நிரந்தரமாக்கினார்கள். கர்ப்பத்துக்காக நிற்பாட்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, கர்ப்பத்துக்காகத்தான் கடிதத்தைப் பிந்தக் கொடுத்தார்கள் என்று யார் நிரூபிப்பது?

ஆனால் உண்மையில் என்னை வருத்தியது யாருமே முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. கடைச் சட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஆண்டு விடுமுறை கிடையாது. அமய லீவு மட்டும், அதுவும் இரண்டு மாதம் வேலை செய்தால் ஒரு நாள். கிளினிக்கோ முதலில் மாதம் ஒருமுறை, 28 கிழமைக்குப் பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை, கடைசியில் கிழமைக்கு ஒருமுறை. ஸ்கான், இரத்தப் பரிசோதனை தனி. 84 நாள் பெட்டியில் பூட்டி வைத்த நகை மாதிரிப் பத்திரமாக இருந்தது, கையில் செலவுக்குக் காசில்லை. காலை ஆறரைக்கே கிளினிக் வாங்கில் போய் முதல் நம்பர் எடுப்பேன். பதினொரு மணிக்குக் கந்தோர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து வவுச்சர் எழுதி அந்த மணித்தியாலங்களை ஈடு செய்வேன். காலபோகம் விதைக்கும் மாதங்களில் கடையில் கூட்டம் நெரியும், அப்போது முகாமையாளர் மணிக்கூட்டைப் பார்ப்பதை நானும் பார்ப்பேன். வேலை மாறப்போகிற ஒருத்தி என்னிடம் கேட்டால் முதலில் இந்த லீவுக் கணக்கைத்தான் சொல்வேன், 84 ஐ இல்லை.

2024 தை 29 இல் லீவு தொடங்கியது. மகள் மாசியில் பிறந்தாள், 2.9 கிலோ. அம்மா சரக்கு அரைத்துக் காய்ச்சித் தந்த கறியின் உறைப்பில் எனக்குக் கண்ணீர், அவளுக்கு நித்திரை.

84 நாளில் ஞாயிறு, போயா (பௌர்ணமி லீவு), சட்ட விடுமுறை சேராது. ஆகவே கடைக் கலண்டரை மடியில் வைத்து, பிள்ளை பால் குடிக்கும் நேரத்தில் ஒற்றைக் கையால் புள்ளி குத்தி எண்ணினேன். மாசிப் போயா, சித்திரை வருடப் பிறப்பு இரண்டு நாள், சித்திரைப் போயா, மே தினம். வைகாசி 13 திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். தலைமைக் கந்தோரில் இருந்து அழைத்த பிள்ளை 11 ஆம் திகதி சனிக்கிழமை என்றாள். ஒரு நாள் எங்கே போனது? இரண்டு பேரும் தொலைபேசியில் மாதம் மாதமாக எண்ணிக்கொண்டு வந்தோம். பங்குனி 8 இல் பிடிபட்டது.

"அக்கா, சிவராத்திரியை ஏன் கழிச்சனீங்கள்?"

"சிவராத்திரி லீவுதானே?"

"பாங்குக்கும் அரசாங்கத்துக்கும்தான் லீவு. எங்களுக்கு இல்லை. பெரிய வெள்ளியும் இல்லை."

பெரிய வெள்ளியை நான் கழித்திருக்கவில்லை, சிவராத்திரிதான் கண்ணில் பட்டிருக்கிறது. முழு இரவும் கண் விழித்து மகளுக்குப் பால் கொடுத்த நாள் அது என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. நான் மாசியில் சேர்ந்தவள் என்பதால் இரண்டாவது வருடத்துக்கு 14 நாள் ஆண்டு விடுமுறை வந்திருந்தது. அதில் ஒன்றைப் போடுங்கோ என்றேன். "சரி அக்கா, அப்ப மிச்சம் 13 நாள் இருக்கும்" என்று அவளும் எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை காலை மகளை அம்மாவின் மடியில் விட்டுவிட்டு ஏழு மணி பஸ் எடுத்தேன்.