எம்எஃப்ஏ கடைசி செமஸ்டர்: எழுதி முடித்த பிறகு இருக்கும் வேலை

என் தீசிஸுக்கான (பட்டத்துக்காக எழுதும் புத்தகம்) நேர்காணலான டிஃபென்ஸ் முடிந்து, அதை மதிப்பிடும் ஆசிரியர் கமிட்டியின் கையெழுத்தும் வந்துவிட்டது. அந்த நிம்மதியோடு எழுதுகிறேன். அமெரிக்காவில் கிரியேட்டிவ் ரைட்டிங் எம்எஃப்ஏவில் (படைப்பெழுத்து முதுகலைப் பட்டம்) சேர்வதற்கு ஆலோசனை நிறையக் கிடைக்கிறது. பட்டத்தோடு வெளியே வருவதற்குத்தான் கிடைப்பதில்லை.

முதலில் கிரெடிட். அயோவா பல்கலைக்கழகத்தில் 48. மற்ற இடங்களில் பெரும்பாலும் 36 முதல் 60க்குள். ஒர்க்‌ஷாப் (மாணவர் எழுத்தைச் சேர்ந்து படித்து விவாதிக்கும் வகுப்பு), இலக்கிய வகுப்பு, தீசிஸ் என்று ஒவ்வொன்றும் தனிக்கணக்கு. பல இடங்களில் கூடுதலாக ஒரு ஒர்க்‌ஷாப் எடுத்து இலக்கிய வகுப்பை ஈடுகட்ட முடியாது. முதல் வருடம் முடிந்ததும் டிகிரி ஆடிட்டை (எது முடிந்தது, எது பாக்கி என்ற பட்டியல்) எடுத்துப் பாருங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் குறிப்பெழுதித் தருவார்கள். எல்லாவற்றையும் தீசிஸில் ஏற்றினால் கதை குழம்பும். உங்கள் எழுத்தின் போக்கு பிடிபட்ட இரண்டு பேரின் குறிப்பு போதும். மெதுவாக எழுதுகிறவர்கள் முதல் செமஸ்டரிலிருந்தே ஒரே புத்தகத்தின் பகுதிகளை ஒர்க்‌ஷாப்பில் வையுங்கள்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது: எம்பார்கோ, அதாவது தீசிஸை யாரும் படிக்க முடியாமல் சில காலம் மூடிவைப்பது. தீசிஸை ஒப்படைக்கும்போது புரோக்வெஸ்ட் (தீசிஸ்களைச் சேர்த்து வெளியிடும் நிறுவனம்) படிவத்தில் ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று தேர்வு வரும். அதைத் தொடாமல் விட்டால் உங்கள் நாவல் உடனே வெளியே போய்விடும். பிறகு பதிப்பாளர் தயங்கக்கூடும். பல்கலைக்கழக நூலகத்தின் களஞ்சியத்துக்குப் பெரும்பாலும் வேறு படிவம் இருக்கும். ஒன்றில் மூடி இன்னொன்றில் திறந்துவிட்டால் மூடியதால் பயனில்லை. 2008இல் அயோவா பல்கலைக்கழகம் தீசிஸ்களை இணையத்தில் இலவசமாகத் திறக்கப் பார்த்தபோது எழுத்து மாணவர்கள் எதிர்த்தது இதற்காகத்தான். இரண்டு வருடத்துக்குமேல் வேண்டுமென்றால் கிராஜுவேட் ஸ்கூலிடம் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். அட்வைசரின் கடிதத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மேட் செக்கில் (பக்க அமைப்பைப் பல்கலைக்கழகம் சரிபார்ப்பது) கோப்பு திரும்பி வரும் இடங்கள்:

- கவிதையின் நீண்ட வரி மார்ஜினைத் தாண்டுவது
- ஸ்பேஸ் தட்டி நகர்த்திய வரிகள் பிடிஎஃபில் இடம் மாறுவது
- முன்பக்கங்களுக்கு ரோமன் எண் இல்லாதது
- பாடல் வரியை எடுத்தாண்டு அனுமதிக் கடிதம் இணைக்காதது

நடுவே தமிழ்ச் சொற்கள் இருந்தால் ஃபாண்டை எம்பெட் செய்தே பிடிஎஃப் எடுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், அல்லது வெறும் கட்டங்கள் தெரியும். அனுப்புமுன் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.

கமிட்டிக்கு முழுப்பிரதி குறைந்தது இரண்டு வாரம் முன்னால் போக வேண்டும். டிஃபென்ஸில் திருத்தம் சொல்வார்கள். ஆகவே டிஃபென்ஸுக்கும் ஒப்படைக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே பத்து நாளாவது விடுங்கள்.

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம். லோ-ரெசிடென்சி (பெரும்பகுதி தொலைவிலிருந்தே படிக்கும்) எம்எஃப்ஏவுக்குப் பொதுவாக இந்த விசா கிடைக்காது. கடைசி செமஸ்டரில் தீசிஸ் கிரெடிட் மட்டும் மிச்சமென்றால், குறைந்த கிரெடிட்டுக்கு டிஎஸ்ஓவின் (வெளிநாட்டு மாணவர்களுக்கான பல்கலைக்கழக அதிகாரி) ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஓபிடிக்கு (படிப்புக்குப் பின் அமெரிக்காவில் வேலை செய்யும் அனுமதி), படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிலிருந்து 60 நாள் பின்புவரை விண்ணப்பிக்கலாம். ஆனால் டிஎஸ்ஓ பரிந்துரை பதிவான 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். எம்எஃப்ஏ ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டம் அல்ல, அதனால் ஓபிடி 12 மாதம்தான். அதில் வேலையில்லாத நாட்கள் மொத்தம் 90ஐத் தாண்டக்கூடாது.