சேஃப் டேஸும் பால் கணக்கும்

எங்க வீட்டு கிச்சன்ல ஒரு மாத காலண்டர் தொங்குது, பால் வராத நாள்ல அதுல ஒரு சுழி போட்டு வைப்போம். இப்ப கொஞ்ச நாளா அதே காலண்டர்ல பென்சில்ல புள்ளியும் வருது. மாமியார் ஒரு நாள் கண்ணாடிய மாட்டிட்டு உத்துப் பாத்துட்டு "என்னம்மா, அஞ்சு நாளா பால் வரலையா, காச கழிச்சியா?"ன்னு கேட்டாங்க. கழிச்சிட்டேன் அத்தைன்னு சொல்லிட்டேன், வேற என்னத்த சொல்ல.

அது என் பீரியட்ஸ் கணக்கு. பெரியவனுக்கு ஒன்றரை வயசு இருக்கும்போது, தலைக்கு குளிச்சு ஒரு வாரம் வரைக்கும் சேஃப் டேஸ், ஒண்ணா இருந்தாலும் கரு நிக்காதுன்னு நம்பிட்டு இருந்தேன், ஏன்னா எங்க அக்கா, பக்கத்து வீட்டு அக்கா, ஆபீஸ்ல கூட வேலை செய்யறவங்க எல்லாரும் அதேதான் சொன்னாங்க. அந்த நம்பிக்கைக்கு இப்ப ரெண்டு வயசு ஆகுது, ஹால்ல உக்காந்து சுவத்துல கிரேயான் தேச்சுட்டு இருக்கா.

எங்க தப்பு பண்ணேன்னு அப்புறம் ஒரு டாக்டரம்மா மருந்து சீட்டு பின்னாடி கோடு போட்டு காட்டினாங்க. ஒண்ணாம் நாள்னா ரத்தம் பட ஆரம்பிச்ச நாள், குளிச்ச நாள் இல்ல. இதுலயே நம்மள்ல பாதி பேர் அவுட். கருமுட்டை வெளிய வந்தா 12லேர்ந்து 24 மணி நேரம்தான் உயிரோட இருக்கும், ஆனா விந்தணு உள்ள 5 நாள் வரைக்கும் தாங்கும். அதனால முட்டை வர்ற நாளும் அதுக்கு முந்தின 5 நாளும் சேத்து 6 நாள்தான் கரு நிக்க வாய்ப்புள்ள நாள். கேக்க ரொம்ப சிம்பிளா இருக்குல்ல? ஆனா அந்த முட்டை என்னிக்கு வரும்னு முன்னாடியே தெரியாது. அடுத்த பீரியட்ஸ்லேர்ந்து சுமாரா 14 நாள் பின்னாடி எண்ணினாதான் ஓ அன்னிக்கா வந்துச்சுன்னு புரியும். ஒரு பீரியட்ஸ் ஆரம்பிச்சதுலேர்ந்து அடுத்தது ஆரம்பிக்கற வரைக்கும் ஒரு சைக்கிள், அது 28 நாள்னா 14ம் நாள், படத்துல எல்லாம் இததான் போடுவாங்க. எனக்கு அந்த மாசம் 25 நாள்னு வெச்சுக்கோங்க, முட்டை 11ம் நாளே வந்துரும், அப்ப 6ம் நாளே கதவு தொறந்தாச்சு. எனக்கு ரத்தப்போக்கு நிக்கறதே 5ம் நாள்தான். முடிஞ்சுது கதை.

2000ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆராய்ச்சிய பாத்தப்ப கொஞ்சம் ஆறுதலாவே இருந்துச்சு, வழக்கமா சொல்ற 10லேர்ந்து 17ம் நாளுக்குள்ள அந்த 6 நாளும் முழுசா அடங்குனது சுமார் 30 சதவீதம் பேருக்குத்தானாம். நான் மட்டும் ஏமாறல.

பழைய காலண்டர் கணக்குன்னு ஒண்ணு இருக்கு, 1920கள்ல ஜப்பான்ல ஓகினோன்னு ஒரு டாக்டரும் ஆஸ்திரியாவுல க்னாஸ்னு ஒரு டாக்டரும் தனித்தனியா கண்டுபிடிச்சதுலேர்ந்து வந்தது. கொறஞ்சது ஆறு மாசத்துக்கு சைக்கிள் எத்தனை நாள்னு எழுதி வெச்சு, இருக்கறதுலயே குட்டை சைக்கிள்ல 18 கழிக்கணும், நீளமானதுல 11 கழிக்கணும். என்னோடது 25, 29, 27, 31, 26, 28. 25ல 18 போனா 7, 31ல 11 போனா 20, அதனால 7லேர்ந்து 20ம் நாள் வரைக்கும் உஷாரா இருக்கணும். மேல சொன்ன கணக்குப்படி 6ம் நாளே ரிஸ்க், இதுல 7லேர்ந்துதான் ஆரம்பிக்குது, கொஞ்சம் தாராள மனசுதான். அதனால முதல் பாதிய நான் நம்பறதே இல்ல. முட்டை வந்து போனதுக்கு அப்புறம் வர்ற கடைசி பத்து சொச்சம் நாள்தான் நிஜமாவே வாய்ப்பு கம்மியான நாள்.

இந்தியாவுல இத மணி கோத்து சொல்லிக் குடுத்துருக்காங்க தெரியுமா? 1950கள் ஆரம்பத்துல, ராஜ்குமாரி அம்ரித் கவுர் சுகாதார மந்திரியா இருந்தப்ப, பெங்களூர் பக்கத்துல ராமநகரத்துலயும் டெல்லி லோதி காலனிலயும் பொண்ணுங்களுக்கு கலர் கலரா மணிமாலை குடுத்து தினம் ஒரு மணி நகத்தச் சொன்னாங்க. பெருசா எடுபடல. இன்னும் பழசுன்னா தொல்காப்பியம் கற்பியல்ல பூப்பு வந்து 'ஈராறு நாளும்' புருஷன் பிரிஞ்சு இருக்கக்கூடாதுன்னு வருது, பிள்ளை வேணும்ங்கறவங்களுக்கான கணக்குன்னு நான் எடுத்துக்கறேன். குளிச்சு ஒரு வாரம் சேஃப்னு அவங்க சொல்லல பாருங்க!

எனக்கு உருப்படியா உதவினது வெள்ளைப்படுதல்தான். சின்ன வயசுல இது வந்தாலே உடம்பு சூடுன்னு அம்மா வெந்தயத்த ஊற வெச்சு குடுப்பாங்க. எல்லாமே சூடு இல்லையாம். முட்டை வர்ற நேரத்துல அது முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு, ரெண்டு விரலுக்கு நடுவுல இழுத்தா அறுந்து போகாம நூலா வரும். அப்புறம் கெட்டியாகும், இல்ல காஞ்சே போயிரும். நாத்தம், அரிப்பு இருந்தா அது வேற, டாக்டர்ட்ட போங்க.

காலைல எந்திரிக்கறதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர் வெக்கறதும் ட்ரை பண்ணேன். முட்டை வந்ததுக்கு அப்புறம் உடம்பு சூடு 0.2லேர்ந்து 0.5 டிகிரி செல்சியஸ் ஏறும், மூணு நாள் அப்படியே நின்னா வந்து போயிருச்சுன்னு அர்த்தம். ஆனா ராத்திரி நல்லா தூங்கியிருக்கணுமாம். ரெண்டு வயசு குழந்தைய வெச்சுக்கிட்டு யாரு தூங்கறது?

பிசிஓடின்னு சொல்ற சினைப்பை நீர்க்கட்டி பிரச்சனை இருக்கறவங்க, குழந்தைக்கு பால் குடுக்கறவங்க, எமர்ஜென்சி கருத்தடை மாத்திரை போட்ட மாசம், இவங்களுக்கெல்லாம் இந்த எண்ணிக்கை கணக்கே செல்லாது. பிரசவத்துக்கு அப்புறம் முதல் பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடியே முட்டை வந்துரலாம். ஒழுங்கா 26லேர்ந்து 32 நாளுக்குள்ள வர்றவங்களுக்குன்னே 8லேர்ந்து 19 வரைக்கும் தள்ளி இருக்கற முறை ஒண்ணு இருக்கு, அதுலயே நடைமுறைல வருஷத்துக்கு 100ல 12 பேருக்கு கரு நின்னுருதாம்.

அதனால எங்க வீட்ல முதல் பாதிக்கும் நடு நாளுக்கும் காண்டம், கடைசி பத்து நாளுக்கு காலண்டர்னு ஒப்பந்தம். வீட்டுக்காரரே இப்ப பென்சில எடுத்து புள்ளி வெக்கறாரு. போன வாரம் அவர் மறதில பேனால வெச்சுட்டாரு, மாமியார் பால்காரருக்கு போன் போட்டுட்டாங்க.