டெர்கம் நோய்: ஆபரேஷனை விட இன்சூரன்ஸ்தான் பெரும்பாடு

இன்சூரன்ஸ் பணம் நேற்றுதான் அக்கவுண்டில் ஏறியது. இதே நோயோடு அலைகிற யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சாதாரணக் கொழுப்புக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. டெர்கம் நோயில் வருகிற கட்டி வலிக்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் கை பட்டாலே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கத் தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. டாக்டர் தொட்டுப் பார்த்து, எத்தனை மாதமாக வலி என்று கேட்டுத்தான் சொல்ல வேண்டும். அப்படிப் பொறுமையாகக் கேட்கிற ஒருவர் கிடைக்கவே வருஷக்கணக்கில் ஆனது. நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் மருந்து, தோலில் ஒட்டி வலியை மரக்கடிக்கும் லிடோகெய்ன் பேட்ச் இரண்டும் ஓரளவுக்குத்தான் கேட்டன. முழங்கை உள்பக்கக் கட்டி நரம்பை அழுத்தி சுண்டுவிரல் மரத்துப்போனதும், அதையும் தொடையில் இருந்தவற்றையும் எடுத்துவிடலாம் என்றார் சர்ஜன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் வசதி மட்டும் கிடைக்கவில்லை. "கொழுப்பு எடுக்கிறதெல்லாம் காஸ்மெடிக்தான் மேடம்" என்றார் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தவர். தூக்கம் கெட்டுக் கிடந்தவளிடம் சொல்கிற பேச்சா அது! கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் க்ளெய்ம் போட்டேன். அதுவும் அதே காரணத்தால் திரும்பி வந்தது. டாக்டர் நிரப்பிய க்ளெய்ம் ஃபார்மை வாங்கிப் பார்த்தால், 'பல கொழுப்புக் கட்டிகள், நீக்கம்' என்று ஒரே வரி. நோயின் பெயர் இல்லை, வலி இல்லை, நரம்பு இல்லை.

பாலிசியில் விலக்கு எண் 08-ஐ முழுசாகப் படியுங்கள். அழகு சிகிச்சைக்குப் பணம் இல்லை என்பதோடு அது முடியவில்லை. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க மருத்துவரீதியாகத் தேவை என்று சிகிச்சை தரும் டாக்டர் சான்று கொடுத்தால் அந்த விலக்கு பொருந்தாது. சர்ஜனிடம் போய் நோயின் பெயர், வலி எப்போதிலிருந்து, என்னென்ன மருந்து பார்த்தோம், விரல் மரத்தது, எல்லாவற்றையும் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கினேன். பயாப்ஸி ரிப்போர்ட்டையும் பழைய மருந்து பில்களையும் சேர்த்து, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். கையுறை, பஞ்சு மாதிரி சில்லறைகளைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டார்கள்.

அங்கேயும் மறுத்திருந்தால் அடுத்து இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்தான், அதாவது கம்பெனிக்கு வெளியே இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், அதனால் மறுப்புக் கடிதத்தைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள்.

இந்த நோய் அடியோடு போகாது, புதுக் கட்டி வரலாம். இப்போதைக்கு முழங்கையை மேஜையில் ஊன்றி எழுத முடிகிறது. அடுத்த தடவை ஃபார்மை டாக்டர் நிரப்பியதும் ஒரு வரி விடாமல் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.