புயல் வந்தால் எங்கே போவாய்?

போன வாரம், எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் திருநெல்வேலிப் பெண் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசை ஓரமாக வந்து நின்றாள். "அக்கா, இதுல என்ன எழுத?" என்றாள். அவள் விரல் வைத்திருந்த கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் நான் எழுதாமல் விட்ட அதே கட்டம்.

மியாமியில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் விடுதியில் தங்கும் பிள்ளைகள் ஒவ்வொருவரும் புயல் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியேறச் சொன்னால் எங்கே போவாய், யார் வீட்டுக்கு, முகவரி என்ன, அவர் உனக்கு என்ன உறவு, எதில் போவாய், எத்தனை மணி நேரமாகும் என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். கொடுக்கும் முகவரி, அரசாங்கம் ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டுப் பிரித்து வைத்திருக்கும் வெள்ள அபாய மண்டலங்களுக்கு வெளியே இருக்க வேண்டும்.

2017 ஆகஸ்டில் நான் வந்து இறங்கிய முதல் வாரத்தில் இந்தத் தாளை நீட்டினார்கள். அமெரிக்காவில் எனக்கு அப்போது தெரிந்தவர்கள் என் பேராசிரியரும், விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்த டாக்சிக்காரரும்தான். கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தேன். வாங்கிய அம்மாள் நல்ல மனுஷிதான். சிரித்த முகத்தோடு, "யோசித்துப் பாருங்கள், யாராவது ஒருவர் இருப்பாரே" என்றார். அந்த வார்த்தை பல மாதம் எனக்குள் கிடந்தது. யாரும் இல்லாத ஊருக்கு வந்திருக்கிறோம் என்று விமானத்தில் வரும்போது தோன்றவில்லை, அந்தக் கட்டத்துக்கு முன்னால்தான் தோன்றியது.

எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். உப்பளம், முல்லைத் தோட்டம், மாமரம், தென்னை. ஐப்பசி பிறந்துவிட்டால் அப்பா ரேடியோவை விட்டு நகர மாட்டார். நாகப்பட்டினம் துறைமுகத்தில் எத்தனாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதுதான் எங்களுக்குப் புயல் கணக்கு. ஒன்றிலிருந்து பதினொன்று வரை. மூன்று என்றால் அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்பார். எட்டு, ஒன்பது என்றால் எழுந்துவிடுவார். பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அம்மா எந்தத் தாளிலும் திட்டம் எழுதியதில்லை. ஆனால் வரிசை மாறாது. முதலில் அண்டா, குடம், தவலை, கடைசியில் சொம்பு வரைக்கும் தண்ணீர் பிடித்தாக வேண்டும். கூரை மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு முளைக்குச்சியில் இழுத்துக் கட்ட வேண்டும். ரேஷன் கார்டு, பட்டா, எங்கள் மார்க் ஷீட் எல்லாம் பாலிதீன் பைக்குள், பை தகரப் பெட்டிக்குள். தீப்பெட்டியை மட்டும் தனியாகச் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள். இரண்டு நாளைக்குக் கெடாமல் இருக்கப் புளிச்சோறு கிளறுவாள். எல்லாம் முடிந்த பிறகு கொட்டகைக்குப் போய் மாட்டை அவிழ்த்து விடுவாள். கட்டிப்போட்ட மாடுதான் புயலில் சாகும், அவிழ்த்து விட்டால் அது தன் வழியைப் பார்த்துக்கொள்ளும் என்பாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வாத்தியார் வீட்டுக்குக் கிளம்புவோம்.

எங்கள் தெருவில் தளம் போட்ட வீடு அது ஒன்றுதான். வரலாமா என்று யாரும் கேட்டதில்லை, வாருங்கள் என்று வாத்தியாரும் கூப்பிட்டதில்லை. கூடத்தில் நாற்பது பேர் படுத்திருப்போம். வாத்தியார் சம்சாரம் பெரிய பானையில் கஞ்சி வைத்து, தேங்காய்த் துவையலோடு ஊற்றுவார். வெளியே காற்று ஊளையிட, உள்ளே நாங்கள் பிள்ளைகள் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருப்போம். புயல் வந்தால் எங்கே போவாய் என்று எங்கள் ஊரில் யாராவது கேட்டிருந்தால், இது என்ன கேள்வி என்றுதான் பார்த்திருப்போம்.

நான் தாளைக் காலியாகக் கொடுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, இர்மா புயல் கிளம்பிவிட்டது. அட்லாண்டிக்கில் அதன் காற்று மணிக்கு 285 கிலோமீட்டர் வரை போனது. தொலைக்காட்சியில் ஒரு வெள்ளைக் கூம்பைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள், கூம்புக்குள் மியாமி. அந்தக் கூம்பைப் படிக்கப் பிற்பாடு கற்றுக்கொண்டேன். புயலின் மையம் அதற்குள்ளேயே போவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புதான். கூம்புக்கு வெளியே இருப்பவர்களும் நனைவார்கள், அடி வாங்குவார்கள். அது புயலின் அகலத்தைக் காட்டும் படமே இல்லை.

மாநிலம் முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேறச் சொன்னார்கள். விடுதி இரண்டே நாளில் காலியானது. பெற்றோர்கள் கார் எடுத்துக்கொண்டு வந்தார்கள். தலையணையும் கிட்டாரும் மீன் தொட்டியுமாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். போக இடமில்லாத எங்களைப் போன்றவர்களுக்காகப் பல்கலைக்கழகமே ஒரு கட்டடத்தைத் திறந்து வைத்தது. மடக்குக் கட்டில், ஆளுக்கு ஒரு போர்வை, மூன்று நாளைக்குத் தண்ணீர் பாட்டில், டின் உணவு. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அத்தனை பேரும் ஆளுக்கொரு கட்டிலில், காதில் எதையாவது மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு டின்னைத் திறந்து சாப்பிட்டோம். அதுதான் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அங்கே துப்புரவு வேலை பார்க்கும் ஹெய்ட்டிக்கார அம்மா ஒருவர் இரவுப் பணிக்கு வந்திருந்தார். ஊர் அடங்கிய நேரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால், தரை துடைக்கும் மஞ்சள் வாளிகளை ஒவ்வொன்றாகக் கழுவி, விளிம்பு வரைக்கும் நிரப்பிச் சுவரோரம் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். வாளி தீர்ந்ததும் குப்பைத் தொட்டிக்குப் புதுப் பை போட்டு அதிலும் பிடித்தார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. 2016 அக்டோபரில் மாத்யூ புயல் ஹெய்ட்டியின் தெற்கு முனையைப் புரட்டிப் போட்டதே, அந்தப் பக்கத்துக்காரர். நானும் கூட நின்று வாளி தூக்கினேன். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை கொஞ்சம்தான். என்னைப் பார்த்து, "உன் அம்மா எங்கே?" என்று மட்டும் கேட்டார். நான் தூரம் என்று கையைக் காட்டினேன். விடிகாலையில் மின்சாரம் போய், மோட்டார் நின்று, கழிப்பறையில் தண்ணீர் வராமல் போனபோது அந்த வாளிகள்தான் அத்தனை பேருக்கும் கைகொடுத்தன.

இர்மா கடைசி நேரத்தில் மேற்கே ஒதுங்கி, செப்டம்பர் 10ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தெற்கே தீவுகளின் மேல் கரையேறியது. மியாமிக்கு நேரடி அடி இல்லை. ஆனாலும் நகர மையத்தின் தெருக்களில் கடல் ஓடியது, மரங்கள் எங்கே பார்த்தாலும் படுத்துக் கிடந்தன.

அதன் பிறகு நான் இந்த ஊர்ப் புயலை ஒழுங்காகப் படித்தேன். படிப்பு முடிந்து இங்கேயே வேலையும் கிடைத்து, இப்போது ஆய்வகத்தின் அவசரகாலத் திட்டம் என் பொறுப்பு. சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதற்கு முன்பே, யார் எந்த ஸ்விட்சை அணைப்பது, யார் யாருக்குப் போன் செய்வது என்று பெயர் பெயராக எழுதிவிட வேண்டும். 48 மணி நேரத்துக்கு முன்னால் முதல் எச்சரிக்கை, 36 மணி நேரத்துக்கு முன்னால் உறுதியான எச்சரிக்கை. அந்த நேரக் கணக்கு புயல் கரையேறும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவதில்லை. மணிக்கு 63 கிலோமீட்டர் காற்று வந்து சேரும் நேரத்திலிருந்து எண்ணுவது. அதற்கு மேல் வெளியே நின்று எந்த வேலையும் செய்ய முடியாது. இது புரிந்த நாளில், அப்பா ஏன் ஒன்பதாம் கூண்டுக்குக் காத்திருக்காமல் முதல் நாளே கூரைக்குக் கயிறு போடுவார் என்பதும் புரிந்தது.

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்களில் பத்து வருட உழைப்பு உறைந்து கிடக்கிறது. அவற்றின் பிளக், ஜெனரேட்டரோடு இணைந்த சிவப்பு சாக்கெட்டில்தான் இருக்கிறதா என்று குனிந்து, கையால் தொட்டுப் பார்ப்பேன். உலர்பனிக்கட்டியை எல்லாரும் கேட்பதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். தண்ணீர் பட்டால் தீப்பற்றும் சோடியம் போன்றவை மேல் அலமாரிக்குப் போகும். கேஸ் சிலிண்டர்களுக்கு மேலும் கீழுமாக இரண்டு சங்கிலி. மைக்ராஸ்கோப்புக்குப் பாலிதீன் சுற்றி ஜன்னலை விட்டுத் தள்ளி வைக்கும்போது, தகரப் பெட்டியும் பட்டாவும் ஞாபகத்துக்கு வராமல் இருந்ததே இல்லை.

இந்த ஊர் அடிபட்டுக் கற்றுக்கொண்ட ஊர். 1992 ஆகஸ்ட் 24ஆம் தேதி ஆண்ட்ரூ தெற்கு மியாமியைத் துடைத்துப் போட்டது. அதற்குப் பிறகுதான் கட்டட விதிகளை இறுக்கினார்கள். இங்கே புயலைத் தாங்கும் என்று சொல்லி ஒரு ஜன்னல் கண்ணாடி விற்பனைக்கு வர வேண்டுமானால், நான்கு கிலோவுக்கு மேல் எடையுள்ள மரச்சட்டத்தைப் பீரங்கி மாதிரி அதன் மேல் எய்து சோதிக்கிறார்கள். நகரத்திலேயே இருக்கும் ஃபுளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்தில், பன்னிரண்டு ராட்சத விசிறிகளை அடுக்கி மணிக்கு 250 கிலோமீட்டர் காற்றை உண்டாக்கும் ஒரு கூடமே கட்டியிருக்கிறார்கள், காற்றுச் சுவர் என்று பெயர். வீட்டு மாதிரிகளை அதன் முன் நிறுத்தி, கூரை எந்த மூலையில் முதலில் பிடுங்குகிறது என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவின் தேசியப் புயல் மையமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. நம் கடலோரக் கல்லூரிகளில் ஒன்றிலாவது இப்படி ஒரு கூடம் இருந்து, நம் ஓலைக் கூரைக்கும் ஓட்டுக் கூரைக்கும் எந்த முடிச்சு தாங்கும் என்று பார்த்துச் சொல்ல மாட்டார்களா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும்.

சரி, இனிமேல் எந்தப் புயலுக்கும் நான் பதற மாட்டேன் என்றுதான் இர்மா முடிந்த கையோடு நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடமே கஜா வந்தது.

2018 நவம்பர் 15, வியாழக்கிழமை. மியாமியில் பளிச்சென்ற வெயில். பகல் பதினொன்றரைக்கு அம்மாவிடம் பேசினேன், அங்கே இரவு பத்து. "வாத்தியார் வீட்டுக்குக் கிளம்பிட்டோம். மாட்ட அவுத்து விட்டாச்சு. நீ சாப்ட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். பிற்பகல் இரண்டு மணிவாக்கில், அங்கே நள்ளிரவு தாண்டிய நேரத்தில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறத் தொடங்கியது. நான் ஃப்ரீசர் அறையில் நின்றுகொண்டு ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஐந்து நாள் எந்தத் தகவலும் இல்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் புயல் முடிந்ததும் எல்லார் செல்பேசிக்கும் ஒரு செய்தி வரும், நலமா என்று. ஒரு எழுத்தைத் தட்டினால் போதும், பட்டியலில் நம் பெயருக்கு நேரே பச்சை விழும். அந்த ஐந்து நாளும் என் மனசெல்லாம் அந்தப் பட்டியல்தான். எங்கள் தெரு வாசிகள் பெயர்களை வீடு வீடாக மனசுக்குள் எழுதுவேன், ஒன்றுக்கு நேரேயும் பச்சை இல்லை. ஐந்தாம் நாள், யாரோ ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றிய போனிலிருந்து அம்மா பேசினாள். "எல்லாரும் இருக்கோம். மரம் ஒண்ணுகூட இல்ல" என்றாள். பிறந்ததிலிருந்து நான் பார்த்த தென்னைகள், அப்பா வைத்த மா, முல்லைப் பந்தல் எல்லாம் போயிருந்தன. வாத்தியார் வீட்டு மாடியின் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் விழுந்திருந்தது. மாடு மூன்றாம் நாள் தானாக வந்து கொட்டகை இருந்த இடத்தில் நின்றதாம். கரண்ட் வருவதற்குப் பல வாரம் ஆனது.

அதற்குப் பிறகு நடந்த திட்டக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். இந்தத் தாளில் எல்லாம் இருக்கிறது, போக இடமில்லாதவன் எழுத மட்டும் இடமில்லை என்று. தூர தேசத்திலிருந்து வரும் பிள்ளை பாதுகாப்புக் கட்டடத்தில் உயிரோடு இருப்பான், அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் வெயில் அடிக்கும்போதே அவனுக்கு ஒரு வீட்டைக் காட்டி வைத்தால் என்ன? இரண்டு வருடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். இப்போது கட்டத்துக்குக் கீழே சின்னதாக இன்னொரு கட்டம் இருக்கிறது: "இடம் தேடித் தர உதவி வேண்டும்." வருகிற பிள்ளைகளை ஏற்கத் தயாராக இருக்கும் வீடுகளின் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. பட்டியல் சிறியதுதான், வருடத்துக்கு ஒன்றிரண்டு வீடு கூடுகிறது.

திருநெல்வேலிப் பெண்ணுக்கு என் முகவரியைக் கொடுக்க முடியாது, என் வீடு பி மண்டலத்தில் இருக்கிறது. நானே வெளியேற வேண்டியவள். ஆர்லாண்டோவில் ஒரு தஞ்சாவூர்க் குடும்பம் உண்டு, கடலை விட்டு உள்ளே, நாலு மணி நேரப் பயணம். புயலுக்கு நான் போவது அங்கேதான். அந்த முகவரியை எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, உறவு என்று இருந்த கட்டத்தில் பேனாவை நிறுத்தினாள். "இங்க என்ன போட?"

"சொந்தம்னு போடு" என்றேன்.

சாயங்காலம் ஆர்லாண்டோவுக்குப் போன் செய்து, இந்த வருடம் என்னோடு ஒரு பெண்ணும் வருவாள் என்று சொன்னேன். அட்லாண்டிக்கில் அப்போது ஒரு மேகச் சுழிகூட இல்லை. அந்த அக்கா அதையெல்லாம் கேட்கவே இல்லை. "ரெண்டு பேரா? முந்தின நாளே சொல்லிடு, அரிசி ஊறப் போடணும்" என்றார்.