தொட்டி நீரும் பைகார்பனேட்டும்: ஒரு மொட்டைமாடி நாட்குறிப்பு

அக்டோபர் 3

தாம்பரத்தை ஒட்டிய எங்கள் தெருவில் எல்லா வேலைக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். மொட்டைமாடியில் மண்ணில்லாமல் லெட்டூஸும் பாலக்கீரையும் வளரும் 60 லிட்டர் தொட்டியையும் அந்த நீராலேயே நிரப்பி, உரக் கரைசலைச் சேர்த்து, பாஸ்பாரிக் அமிலம் விட்டு, நீரின் அமில-கார நிலையைக் காட்டும் பி.எச். அளவை நேற்று மாலை 5.8க்கு இறக்கினேன். இன்று காலை அது 7.2 காட்டியது. 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருந்தால்தான் வேர்கள் இரும்பையும் மாங்கனீசையும் தடையின்றி எடுத்துக்கொள்ளும். நான் பயன்படுத்தும் இரும்பு உரத்தில், இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைத்திருப்பது ஈ.டி.டி.ஏ. என்ற சேர்மம்; பி.எச். 6.5ஐத் தாண்டினாலே அதன் பிடி தளரத் தொடங்குகிறது. நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இளந்தளிர்கள் வெளிறி மஞ்சளிப்பதற்கு அதுவே காரணம் என்று கொள்கிறேன்.

அக்டோபர் 4

அளவுமானியையே முதலில் சந்தேகிப்பது முறை. பி.எச். 4.00, 6.86 என்று முன்பே தெரிந்த இரு தாங்கல் கரைசல்களிலும் வைத்துச் சரிபார்த்தேன், கருவியில் குறையில்லை. அதன் முனையைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைத்து வைக்க வேண்டும். காயவிட்டாலும், காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டாலும் அது விரைவில் கெட்டுவிடும்.

அக்டோபர் 6

மீன்தொட்டிக் கடையில் விற்கும் கே.எச். சோதனைக் குப்பியை (நீரின் காரத்தன்மையை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் திறனைச் சொட்டுக் கணக்கில் அளப்பது) வாங்கிவந்து கிணற்று நீரைச் சோதித்தேன். நீலம் மஞ்சளாக மாறுவதற்கு 17 சொட்டுகள் தேவைப்பட்டன. ஒரு சொட்டு, கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம் என்பதால், இந்த நீரின் காரத்தன்மை 300 மில்லிகிராமைத் தொடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 200 வரை ஏற்கத்தக்கது என்றும், மாற்று நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. ஆகவே மனிதர் குடிப்பதற்குப் பெரிய தடையில்லை, கீரைக்குத்தான் சங்கடம்.

பி.எச். என்பது அந்த நொடியின் நிலையை மட்டுமே சொல்லும் எண். அதை எந்தப் பக்கம், எவ்வளவு வலுவாக நீர் இழுத்துப் பிடிக்கும் என்பதைச் சொல்வது, இந்தக் காரத்தன்மையைத் தரும் பைகார்பனேட் என்ற கரைந்த உப்பின் அளவு. ஒரே பி.எச். உள்ள இரண்டு கிணற்று நீர்களுக்குப் பல மடங்கு வேறுபட்ட அளவில் அமிலம் தேவைப்படுவது இதனால்தான்.

300 மில்லிகிராம் என்பது, அமிலமும் காரமும் ஒன்றையொன்று ஈடுகட்டும் அளவைச் சொல்லும் அலகில் லிட்டருக்கு 6 மில்லி ஈக்விவலென்ட். 5.8க்கு இறங்க, அதில் ஐந்தில் நான்கு பங்கை அமிலத்தால் தீர்க்க வேண்டும். அதை முழுவதும் பாஸ்பாரிக் அமிலத்தாலேயே செய்தால் லிட்டருக்கு 145 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் சேர்ந்துவிடுகிறது. கீரைக்கு 50 மில்லிகிராமே தாராளம். நைட்ரிக் அமிலம் கணக்கைச் சரிசெய்யும் என்றாலும், அதன் புகையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் எலுமிச்சைச் சாறு விடச் சொன்னார். சிட்ரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடுவதால், பி.எச். ஓரிரு நாளில் பழைய இடத்துக்கே ஏறிவிடும்.

அக்டோபர் 7

ஓரிரவில் அளவு ஏறுவதற்கும் விளக்கம் இதே கணக்கில் இருக்கிறது. அமிலம் பைகார்பனேட்டைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. அந்த வாயு கரைந்திருக்கும் வரை நீர் அமிலமாகத் தோன்றுகிறது. காற்றுப் பம்ப் குமிழிகளோடு அதை வெளியேற்றியதும், எஞ்சிய பைகார்பனேட் மீண்டும் மேலோங்குகிறது. எனவே செடி இல்லாத வாளியில் அமிலம் சேர்த்து, ஓர் இரவு பம்ப் ஓடவிட்டு, காலையில் மறுபடியும் திருத்திய பிறகே தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

அக்டோபர் 16

நல்ல மழை. முதல் அரை மணி நேரத்து நீரைக் கழித்துவிட்டு, மாடிக் குழாயிலிருந்து பிளாஸ்டிக் டிரம்களில் பிடித்தேன். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதால் எங்கள் வீட்டிலும் குழாய்கள் உண்டு. ஆனால் அவை நீரை நிலத்துக்குள் அனுப்பப் போடப்பட்டவை. சிமென்ட் தொட்டியில் சேமித்தால் சுவரின் சுண்ணாம்பு கரைந்து மழைநீரும் காரமாகிவிடும் என்பதால் டிரம்களே மேல்.

மழைநீரை மட்டும் பயன்படுத்தலாமே என்ற ஆசை வரும். ஆனால் அதில் பி.எச். மாறாமல் தாங்கும் சக்தியே இல்லை. வேர்கள் செய்யும் சிறு மாற்றத்துக்கே அது ஒரு முழு எண் அளவு சாய்ந்துவிடும், அதாவது பத்து மடங்கு மாற்றம். இரண்டு பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு கிணற்று நீர் கலந்தபோது சோதனை 6 சொட்டில் முடிந்தது. 60 லிட்டருக்கு 85 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலம் ஆறரை மில்லி போதும். அதிலிருந்து கிடைக்கும் பாஸ்பரஸ் லிட்டருக்கு 50 மில்லிகிராம், அதாவது பயிருக்கு வேண்டிய அளவேதான். ஆகவே உரக் கலவையிலிருந்து பாஸ்பரஸ் தரும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டை நீக்கிவிட்டு, கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட், மக்னீசியம் சல்பேட், நுண்ணூட்டங்கள் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். கையுறை, கண்ணாடி அணிந்து, அமிலத்தைத்தான் நீரில் சேர்க்க வேண்டும். ஒருபோதும் அமிலத்தின்மேல் நீரை ஊற்றலாகாது.

அக்டோபர் 28

இன்று காலை பி.எச். 6.3. முன்போல் ஓரிரவுத் தாவல் இல்லை; சில நாட்களாக மெல்ல ஏறுகிறது. இது செடிகளின் வேலை. நைட்ரேட்டை உறிஞ்சும் வேர்கள் ஈடாகக் காரத்தை வெளிவிடுகின்றன. அம்மோனியத்தை உறிஞ்சினால் அமிலத்தை விடுகின்றன. அம்மோனியம் சல்பேட் 3 கிராம் கரைத்து, மொத்த நைட்ரஜனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அம்மோனியம் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். வெப்பமான நீரில் அம்மோனியம் கூடினால் வேர் கருகும்.

நவம்பர் 5

பி.எச். 5.9. புதுத் தளிர்கள் பச்சையாக வருகின்றன. பழைய மஞ்சள் இலைகள் தேறவில்லை, பறித்துவிட்டேன். மூடியின் இடுக்கில் வெயில் பட்ட இடத்தில் பாசி கண்டேன். பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை இழுத்து பி.எச். அளவை உயர்த்தும் என்பதால் கறுப்புத் தார்ப்பாயால் மூடினேன். குறையும் நீரை ஈடுசெய்ய இனிக் கலவை நீரையே ஊற்ற வேண்டும். கிணற்று நீரை ஊற்றினால் பைகார்பனேட் மீண்டும் சேர்ந்துகொண்டே போகும். டிரம் நீர் ஜனவரிக்கு மேல் வராது. அதன் பிறகு ஆர்.ஓ. கருவியின் நல்ல நீரை அதே விகிதத்தில் கலந்து, சொட்டுச் சோதனையில் 6 வருகிறதா என்று பார்க்க வேண்டும்.